பதினொன்றுக்குப் பத்து

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் நாலு மணி டீ தனியாகத்தான். பழக்கதோஷத்தில் இரண்டு டம்ளர் போட்டுவிட்டேன். ஆறிப்போன இரண்டாவதையும் நானே குடித்துத் தொலைத்தேன். நான் கணக்கு வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்று மூன்று வருடம். என் மனைவி மாவட்ட மன்றத் தலைவராகி அதே மூன்று வருடம். ‘ரிட்டையர் ஆனதும் பால்கனியில உக்காந்து பேசித் தீர்த்துடலாம்’ என்று முப்பது வருடமாகச் சொல்லிவைத்திருந்தோம். நான் உட்கார்ந்திருக்கிறேன். பால்கனியும் இருக்கிறது.

மார்ச் 9, திங்கள்

காலை உணவின்போது அவளிடம் மன்றக் கணக்குப் பாடம் கேட்டேன். மன்றத்தில் இருபத்தோரு உறுப்பினர்கள். இவள் பக்கம் இவளையும் சேர்த்துப் பத்து, எதிர்த்து நிற்கும் மீசைக்காரர் பக்கம் பத்து. நடுவில் ஒரே ஒரு சுயேச்சை, பல் டாக்டர். அவர் இவளுக்குக் கை தூக்குவதால் பதினொன்றுக்குப் பத்து. தலைவர் தேர்வு வருடா வருடம் ஏப்ரலில். சமமாகிவிட்டால் இரண்டு பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கி ஒன்றை எடுப்பார்களாம்.

“மாவட்டமே பல் டாக்டர் முன்னாடி வாயைத் திறந்துக்கிட்டு உக்காந்திருக்குங்க,” என்றாள். இருவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். உடனே போன் வந்துவிட்டது. எழுந்து போய்விட்டாள்.

மார்ச் 22, ஞாயிறு

இன்று எனக்கென்று ஒதுக்கிய நாள். ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வருவதாகத் திட்டம். அவள் செருப்பு மாட்டியாயிற்று, நான் கதவைப் பூட்டியாயிற்று. போன்! எங்கோ குடிநீர்க் குழாய் உடைந்துவிட்டதாம். “சாயங்காலம் கண்டிப்பா போலாம், என்ன?” என்று என் தோளைத் தட்டிவிட்டு ஜீப்பில் ஏறினாள். சாயங்காலம் வரவில்லை.

எனக்கு என் மனைவி வேண்டும். அறுபத்தோரு வயதில் இதை எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் வேண்டும்.

மார்ச் 23, திங்கள்

அவள் தோற்றுவிட்டால்? — எழுதியே விட்டேன். அடித்துவிடலாமா? இருக்கட்டும்.

ஏப்ரல் 7, செவ்வாய்

என்ன காரியம் செய்துவிட்டேன் நான்.

இன்று தலைவர் தேர்வு. காலை எட்டே முக்காலுக்கு வீட்டு போன் அடித்தது. அவள் உள் அறையில் செல்போனில் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். பல் டாக்டர். நேற்று தொலைவில் ஒரு பள்ளியில் முகாம் போட்டவர், திரும்பும் வழியில் கார் நின்றுவிட்டதாம். “மேடம் போன் பிஸியாவே இருக்கு சார். பெட்ரோல் பங்க்லேருந்து பேசுறேன். இங்க பஸ்ஸும் இல்ல, ஆட்டோவும் இல்ல. உடனே ஒரு வண்டி அனுப்பச் சொல்லுங்க, பத்தரைக்குள்ள வந்துடுவேன்.” சொல்கிறேன் என்றேன்.

அடுப்பில் முட்டை தீய்ந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் போனதில் மறந்தது நிஜம். சத்தியமாக மறந்தேன். ஆனால் அவள் கேட்டைத் திறக்கும்போது ஞாபகம் வந்துவிட்டது. வாயைத் திறந்தேன். “போயிட்டு வரேங்க,” என்றாள். “போயிட்டு வா,” என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

தேர்வு நாளில் மட்டும் மன்றத்தில் ஒரு வழக்கம் உண்டு. எல்லோரும் செல்போனை வாசலில் இருக்கும் பிரம்புக் கூடையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பத்தரை அடித்தால் கதவைச் சாத்திவிடுவார்கள். அது எனக்குத் தெரியும். பத்து மணிக்கு வீட்டு போன் மறுபடி அடித்தது. பக்கத்திலேயே நின்றேன். எடுக்கவில்லை.

பத்துக்குப் பத்து. குலுக்கலில் மீசைக்காரர்.

மாலை வந்தவள் பையை வைத்துவிட்டு, “டாக்டர் போன் பண்ணினாராமே?” என்றாள்.

“ஆமா.”

“மறந்துட்டீங்களா?”

“ஆமா,” என்றேன். பாவி!

ஏப்ரல் 8, புதன்

விசாரிக்கிற எல்லோரிடமும், “அவரை ஒண்ணும் சொல்லாதீங்க, வயசாயிடுச்சு, மறந்துட்டார்,” என்கிறாள். இதைவிட இரண்டு அறை விட்டிருக்கலாம்.

ஏப்ரல் 19, ஞாயிறு

நாலு மணி. இரண்டு டம்ளர், இரண்டு பேர், பால்கனி. கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் அவள் பேசவில்லை. கோபம் இல்லை. சொல்வதற்கு ஒன்றும் இல்லாதவள்போல் எதிர்வீட்டுச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எங்காவது போன் அடித்தால் மட்டும் கழுத்து திரும்புகிறது, பிறகு நம்முடையது இல்லை என்று தெரிந்து மறுபடி சுவர். ஒரு கையில் செருப்பும் மறு காதில் போனுமாக ஓடுவாளே, அவளைத் தேடுகிறது மனசு. அவள் வீட்டில் இல்லாதபோதுகூட இவ்வளவு தேடியதில்லை.

ஏப்ரல் 20, திங்கள்

சொல்லிவிட்டேன். “நான் மறக்கலை. நீ கேட்டைத் திறக்கும்போது ஞாபகம் வந்துடுச்சு. வேணும்னுதான் சொல்லலை.”

டம்ளரைக் கீழே வைத்தாள். “தெரியும். கல்யாணத்தன்னிக்கு எங்க மாமா சொன்ன ஒரு வார்த்தையையே இன்னும் மறக்காத ஆளு, இதையா மறப்பீங்க?”

பிறகுதான் அழுதாள். நானும்.

“வீட்ல இருன்னு ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டா இருந்திருப்பியா?”

யோசித்தாள். “இருந்திருக்க மாட்டேன். ஆனா கேட்டிருக்கலாம்.”

ஏப்ரல் 22, புதன்

பல் டாக்டர் வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். “அந்த வெயில்ல ரெண்டு மணி நேரம் நின்னேன் சார்,” என்று மட்டும் சொன்னார்.

ஏப்ரல் 6, செவ்வாய்

புது டைரியில் இன்றுதான் உருப்படியாக எழுதுகிறேன். ஒரு வருடம் கழித்து மறுபடியும் தேர்வு நாள். ஏழரைக்கே பல் டாக்டர் வீட்டு வாசலில் வண்டியோடு நின்றேன். பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, “சார், இன்னும் மூணு மணி நேரம் இருக்கு!” என்றார். பரவாயில்லை, காத்திருக்கிறேன் என்றேன். ஒன்பதரைக்கு மன்றத்தில் இறக்கிவிட்டு, என் போனையும் கூடையில் போட்டுவிட்டு, பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினோரு கைகளையும் நானே எண்ணினேன். இரண்டு தடவை. அவள் திரும்பிப் பார்த்தது என்னைத்தான்.

நாலு மணிக்கு போன். “லேட்டாகும்ங்க, சாப்பிட்டுடுங்க.”

“இன்னிக்கு மட்டும் சீக்கிரம் வந்துடேன்,” என்றேன்.

அந்தப் பக்கம் யாரையோ ஒரு நிமிஷம் இருக்கச் சொன்னாள்.

“முடியாதுங்க,” என்றாள். “ஆனா கேட்டீங்களே.”