சிவப்பு டேப் சுற்றிய கண்ணாடி

இன்று காலை வீட்டில் ஏசி நின்றுவிட்டது. பில்டிங் எலக்ட்ரீஷியன் வந்து ஸ்டூல் போட்டு ஏறினார். ஒயரை முறுக்கிவிட்டு, சட்டைப்பையிலிருந்து சிவப்பு இன்சுலேஷன் டேப்பை எடுத்துப் பல்லால் கடித்து இழுத்தார். அந்தக் கிழிகிற சத்தமும், வெயிலில் இளகிய பசையின் வாடையும் வந்ததுதான் தாமதம், நீ வந்துவிட்டாய். நீயும் பல்லால்தான் கடிப்பாய். கத்தரிக்கோல் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், எடுக்க மாட்டாய்.

"என்ன சார் சிரிக்கிறீங்க?" என்றார் அவர்.

"ஒண்ணுமில்லப்பா. பழைய ஆள் ஒருத்தன் ஞாபகம்" என்றேன். நீ போய் நான்கு மாதமாகிறது. சிரித்துக்கொண்டே உன்னை நினைக்க முடிகிறதே என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்கு ஒரு காரணம் உண்டு. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

நம் கடை இன்னும் துபாய் தேராவில் அதே இடத்தில், க்ரீக் என்கிற உப்பங்கழியைப் பார்த்தபடி இருக்கிறது. பைனாகுலர், கூடாரம், ராஜாளிக்குப் போடும் தோல் குல்லா, வேட்டைத் துப்பாக்கியின் மேல் பொருத்துகிற தொலைநோக்கிக் கண்ணாடி, எல்லாம் அதே அலமாரியில். துப்பாக்கி விற்கிற கடை வேறு, அதன் உரிமம் வேறு. வாங்கியவர்கள் பூட்டிய பெட்டியோடும் லைசென்ஸோடும் நம்மிடம் கண்ணாடிக்கு வருவார்கள். முன்னால் கவுண்டரில் டை கட்டிக்கொண்டு நான், திருச்சி பி.காம். பின்னால் ஒர்க்‌ஷாப்பில் ஸ்க்ரூ டிரைவரோடு நீ, கோவில்பட்டிப் பக்கத்துக்காரன். ரோடு போடும் சைட்டில் சர்வேயருக்குக் கோல் பிடிக்க வந்து, அவர் டீ குடிக்கப் போகிற நேரத்தில் அவருடைய கண்ணாடியில் கண் வைத்துப் பழகி, அப்படியே நம் கடைக்கு வந்து சேர்ந்தவன்.

நான் கண்ணாடி விற்கவில்லை, எண் விற்றேன். இதை நீ அடிக்கடி சொல்லிக் காட்டுவாய். ஆறிலிருந்து இருபத்துநாலு என்று ஒரு கண்ணாடி. வளையத்தைத் திருப்பத் திருப்ப, ஆறு மடங்கு பெரிதாகக் காட்டுவது இருபத்துநாலு மடங்கு வரை போகும். கேட்கவே கம்பீரமாக இருக்கும். வாடிக்கையாளர் யாராக இருந்தாலும் நம் தெருவில் ஒரே பரீட்சைதான்: கண்ணாடியை எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போய், எதிர்க்கரையில் நிற்கும் அப்ராப் படகின் எண்ணைப் படிக்க வேண்டும். படித்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. இப்படி எத்தனை சேட்டுமார்களும் ஷேக்குமார்களும் எண் படித்திருப்பார்கள் என்று நினைக்கிறாய்? நான் அவர்களை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போகிற வேகத்தைப் பார்த்து நீ உள்ளே இருந்து கனைப்பாய்.

அபூ காலித் வந்தது ஒரு புதன்கிழமை. பெருத்த உடம்பு, மெல்லிய குரல். சனிக்கிழமை ஆப்பிரிக்காவுக்கு விமானம், காட்டெருமை வேட்டை, அதுவும் முதல் தடவை என்றார். முறைப்படி அனுமதியெல்லாம் வாங்கியாயிற்று. அதுவரை அவர் சுட்டதெல்லாம் வெட்டவெளியில் தூரத்தில் நிற்கும் மான்களைத்தான். "படா வாலா தோ, பாய்", பெரியதாகக் கொடு என்றார். நான் இருபத்துநாலைக் கொடுத்து வாசலுக்குக் கூட்டிப் போனேன். எண்ணைப் படித்தார். படகுக்காரரின் மீசையைக்கூடப் பார்த்துவிட்டு, குழந்தை மாதிரிச் சிரித்தார். துப்பாக்கிப் பெட்டியை வைத்துவிட்டு, மறுநாள் மாலை வருகிறேன் என்று போனார்.

நான் பெட்டியையும் கண்ணாடியையும் உன் மேசையில் வைத்தேன். நீ கண்ணாடியின் எண்ணைப் பார்த்தாய், துப்பாக்கியைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய்.

"எதுக்குலே இது?"

"எருமைக்கு."

"எருமை எங்கன நிக்கும்?"

"காட்டுல."

"எம்புட்டு தூரத்துல?"

"நான் என்ன எருமைகிட்டயா கேட்டுட்டு வந்தேன்?"

உனக்குச் சிரிப்பு வரவில்லை. அதற்கு முந்தின மாதம், ஆப்பிரிக்கா போய்வந்து, கண்ணாடி ஆடுகிறது என்று இறுக்கிக்கொள்ள வந்த ஒருவரிடம் நீ பேச்சுக் கொடுத்திருந்தாயாம். நான் முன்னால் விற்றுக்கொண்டிருக்க, நீ பின்னால் இதையெல்லாம் கேட்டு வைத்துக்கொள்வாய். "புல்லு ஆளுயரம் நிக்குமாம்லே. அடிபட்ட எருமை ஓடாதாம், திரும்பி வருமாம். இருபது முப்பது அடியில மூஞ்சிக்கு நேரா வருமாம். அந்தத் தூரத்துக்கு ஆறு மடங்கே தாங்காது. நீ என்னன்னா இருபத்துநாலக் கட்டிவிடுதே. இதுல கண்ண ஒட்டி வச்சாத்தான் தெரியும். இந்தத் துப்பாக்கி உதைக்குற உதைக்குப் புருவம் கிழிஞ்சு தொங்கும்."

நான் நம்பவில்லை. நீ என் கையில் அந்தக் கண்ணாடியை மட்டும் கொடுத்து, பின்பக்கச் சந்தில் நிறுத்தினாய். பதினைந்து அடி நடந்து போய் நின்றாய். "என்னப் பாரு" என்றாய். ஆறில் வைத்துத்தான் பார்த்தேன். மங்கலாக ஏதோ ஒரு நீலம். உன் சட்டையா, பக்கத்துக் கடையின் ஷட்டரா தெரியவில்லை. நான் நீலத்தில் தேடிக்கொண்டிருக்கையில் என் பிடரியில் ஒரு கை விழுந்தது.

"செத்தே" என்றாய்.

பிறகு அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து, யாரும் சீந்தாத அந்தச் சின்னதை எடுத்து வந்தாய். ஒன்றரையிலிருந்து ஆறு. ஒன்றரையில் வைத்துப் பார்த்தேன். சந்து முழுக்கத் தெரிந்தது. நீ, உன் கை வீச்சு, கேஸ் சிலிண்டர், அதன் மேல் படுத்திருந்த பூனை, எல்லாம். நீ எந்தப் பக்கம் நகர்ந்தாலும் கண்ணாடிக்குள்ளேயே இருந்தாய்.

புரிந்துவிட்டது. ஆனால் ஒப்புக்கொள்ளத்தான் வாய் வரவில்லை. அரபி வாடிக்கையாளர் ஆசைப்பட்டு எடுத்ததைத் தப்பு என்று சொல்வதா? அவர் முகம் சுளித்து நம் முதலாளி அர்பாபிடம் ஒரு வார்த்தை போட்டால், அடுத்த விமானத்தில் ஊருக்கு. அப்போது என் மனைவி இங்கே வர விசாவுக்குக் கொடுத்திருந்த நேரம். "அவர் கேட்டார், கொடுத்தேன். கலாஸ், முடிஞ்சுது. நீ மாட்டிக் கொடு" என்றேன். நீ விடவில்லை. "ஒரு ஆளு செத்துப் போவாம்லே" என்றாய். அப்போதுதான் நான் அதைச் சொன்னேன். "உன் வேலை ஸ்க்ரூ முடுக்குறது. அதை மட்டும் பாரு."

நீ உட்கார்ந்து ஸ்க்ரூ முடுக்கினாய். கொடுத்த வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாய். வியாழக்கிழமை மாலை அபூ காலித் சந்தோஷமாக வந்து பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை. அப்போது நாம், நான் இப்போதும் இருக்கிற இதே அல் குசைஸில் ஒரே ரூமில் இருந்தோம். சமையல் உன் முறை. சாம்பார் வைத்துத் தட்டைப் போட்டாய். எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணை மூடினால் மங்கலான நீலம், பிடரியில் உன் கை. நீ என்னைப் பார்க்காமலே கேட்டாய்: "கூப்பிடுதியா, நான் கூப்பிடட்டுமா?"

கூப்பிட்டேன். ஜும்மா தொழுகை முடிந்து வரச் சொன்னார். கடைக்குப் போய் அந்தச் சின்னக் கண்ணாடியையும் உன் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு டாக்ஸி பிடித்தோம். வழியெல்லாம் நான் ஹிந்தியில் வாக்கியம் கட்டிக்கொண்டே வந்தேன். அவர் முற்றத்தில் போய் நின்றதும் கட்டிய வாக்கியமெல்லாம் பறந்துவிட்டது. நீதான் முன்னால் போனாய். பெட்டியைத் திறக்கச் சொல்லி, பெரிய கண்ணாடியைக் கழற்றி, துப்பாக்கியைப் பூட்டச் சொல்லிவிட்டு, வெறும் கண்ணாடியை அவர் கையில் கொடுத்தாய். "பாபா, என்னைப் பிடிங்க" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, குனிந்துகொண்டு பேரீச்ச மரங்களுக்கு நடுவில் ஓடினாய். அவர் இப்படியும் அப்படியும் தேடினார். நீ சுற்றி வந்து அவர் காதருகே கனைத்தாய்.

அவர் கண்ணாடியை இறக்கினார். அதைத் திருப்பி அதன் எண்ணைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார், கடையிலேயே இதை ஏன் சொல்லவில்லை என்று.

நான் வாய் திறப்பதற்குள் நீ சொன்னாய்: "கல்தி ஹம் தோனோ கா ஹை, பாபா." தப்பு எங்கள் இரண்டு பேருடையது. ஸ்க்ரூ முடுக்குவது மட்டும்தான் உன் வேலை என்று நான் சொல்லி இரண்டு நாள்கூட ஆகவில்லை. நீ தயங்காமல் என் தப்பில் பாதியை எடுத்துக்கொண்டாய். எனக்குக் கண் கலங்கிவிட்டது, திரும்பிக்கொண்டேன். நீ கவனித்திருப்பாய், கேட்டதே இல்லை.

சின்னக் கண்ணாடியை அவர் கையில் கொடுத்து மறுபடி ஓடினாய். "ஷூஃப், பார்! தெரிகிறான், தெரிகிறான்!" என்று கத்தினார். இன்னொரு தடவை ஓடு என்றார். இன்னொரு தடவை. அந்த வெயிலில் மூன்று தடவை எருமையாக ஓடினாய். மூன்றாவது தடவை கையால் கொம்பு வேறு வைத்துக்கொண்டாய். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, "மாஃபி முஷ்கில்", ஒன்றும் பிரச்சினையில்லை என்று என் தோளில் தட்டியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

நீ அதைப் பொருத்தி இறுக்கினாய். அங்கே இறங்கியதும் முதலில் காகிதத்தில் சுட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாய். கடைசியாக வளையத்தை ஒன்றரையில் நிறுத்தி, சிவப்பு டேப்பைப் பல்லால் கிழித்து, வளையம் திரும்பாதபடி சுற்றினாய். வளையத்தில் பெரிய எண் இருந்தால் கை சும்மா இருக்காது, திருப்பிப் பார்க்கும் என்று உனக்குத் தெரிந்திருந்தது. "தூரத்துல நின்னா மட்டும் பிரிங்க. புல்லுக்குள்ள பிரிக்காதீங்க" என்றாய்.

அப்புறம் இரண்டு வாரம். கடை போன் அடித்தால் எடுக்கப் பயந்து உன்னைப் பார்ப்பேன். உனக்கும் பயம்தான், ஆனால் நீ காட்டிக்கொள்ளாமல் என்னைக் கிண்டல் பண்ணுவாய்.

அபூ காலித் ஒரு மாலை கடைக்கு வந்தார். புருவத்தில் கீறல் இல்லை, இரண்டு காலில் நடந்து வந்தார். நேராக ஒர்க்‌ஷாப்புக்குள் போய் உன்னைக் கட்டிப்பிடித்தார். நாற்காலியில் உட்கார்ந்து சொன்னார். அடிபட்ட எருமையைத் தேடிப் புல்லுக்குள் போனார்களாம். தடம் பார்க்கிற உள்ளூர்க்காரர் முன்னால் நடந்தாராம். திடீரென்று புல் பிளந்து எருமை வந்தது. இவர் துப்பாக்கியைத் தூக்கிவிட்டார். கண்ணாடியில் எருமை தெரிந்தது. அதன் ஓரத்தில் விலகி ஓடிவந்துகொண்டிருந்த அந்த மனிதரும் தெரிந்தார். இவர் விரலை நிறுத்தினார். அந்த மனிதர் கீழே விழுந்து உருண்டதும் இவர் சுட்டார். எருமை பத்தடியில் விழுந்தது.

"பெரிய கண்ணாடியாக இருந்தால் கறுப்பு மட்டும்தான் தெரிந்திருக்கும், பாய். அவனும் கறுப்புச் சட்டை போட்டிருந்தான்" என்றார். அவர் குரல் மேலும் மெல்லியதாகிவிட்டது. அந்த மனிதருக்கு நான்கு பிள்ளைகளாம். சட்டைப்பையிலிருந்து அந்த டேப்பை எடுத்து உன் மேசையில் வைத்தார். ஊர் திரும்பிய பிறகுதான் பிரித்தாராம்.

நாம் இரண்டு பேரும் எருமை வருமா, வாடிக்கையாளர் பிழைப்பாரா என்று பயந்துகொண்டிருந்தோம். முன்னால் இன்னொருவர் நடப்பார் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. அபூ காலித் போனதும் நீ ஸ்டூலில் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவே இல்லை. நான் கதவைச் சாத்திவிட்டு, "அன்னைக்கு அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுடா. மன்னிச்சுக்க" என்றேன். நீ என் சட்டைப்பையிலிருந்து, வேலை அனுமதிக்கான லேபர் கார்டைப் பிடுங்கி, அதன் பின்பக்கம் அந்த டேப்பை ஒட்டி, "வாய் ஜாஸ்தியாச்சுன்னா இத எடுத்து வாயில ஒட்டிக்கோலே" என்றாய். அதோடு அந்தப் பேச்சை முடித்துவிட்டாய்.

பிறகு நீ ஓமானில் சோஹார் துறைமுகத்தில் வேலை கிடைத்துப் போனாய். வெள்ளிக்கிழமைதோறும் போன். நான்கு மாதம் முன்பு உன் ரூம்காரர் கூப்பிட்டார். டீ கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தாயாம், அப்படியே சாய்ந்துவிட்டாயாம். நான் அழுதேன். பெரிய அழுகை. ஆனால் அழுது முடித்தபின் நெஞ்சைத் தடவிப் பார்த்தேன், உறுத்தலாக எதுவும் அங்கே இல்லை. அந்த மன்னிப்பை அன்றே கேட்டுவிட்டேன். கேட்காமல் விட்டிருந்தால் இன்று இந்தத் தாளிடம்தான் கேட்டிருப்பேன். தாளா என் லேபர் கார்டில் டேப் ஒட்டிவிடும்? இவ்வளவு நிம்மதியாக உன்னை நினைக்க விட்டுப் போயிருக்கிறாய்.

குசைஸில் இப்போது மெட்ரோவுக்குத் தூண் எழுப்புகிறார்கள். என் மகள் பள்ளிக்குப் போகிறாள், எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில்தான் பதில். லேபர் கார்டு இரண்டு தடவை மாறிவிட்டது. டேப்பைப் பழையதிலிருந்து உரித்துப் புதியதில் ஒட்டிக்கொள்கிறேன். பசை போய்விட்டது, இப்போது செல்லோ டேப் போட்டு அந்த டேப்பைப் பிடித்து வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்தால் ஒரு வாரம் சிரிப்பாய்.

போன வாரம் ஒருவர் வந்தார், ஆப்பிரிக்காவுக்குத்தான். பெரியது வேண்டும் என்று வாசலைப் பார்த்து நடந்தார். நான் அவர் தோளைத் தொட்டுத் திருப்பி, பின்பக்கச் சந்துக்குக் கூட்டிப் போனேன். சின்னக் கண்ணாடியை ஒன்றரையில் வைத்துக் கொடுத்துவிட்டு, பதினைந்து அடி நடந்தேன். அந்தப் பதினைந்து அடியும் நான் உன்னைப் போலத்தான் கையை வீசிக்கொண்டு நடந்தேன், வேண்டுமென்றே. சந்தில் டீ குடித்துக்கொண்டிருந்த பக்கத்துக் கடைப் பையன்களுக்கு அருகே திரும்பி நின்று, என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன்.

"தெரிகிறது, பாய்" என்றார் அவர். "பக்கத்தில் இருக்கிறவர்களும் தெரிகிறார்கள்."