புளி போட்டுத் தேய்த்த நம்பர்

மரக்காணம்
14.9.2005

அன்பு மகன் புருஷோத்தமனுக்கு அம்மா எழுதுவது. நாங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த மஸ்கட் வெயிலில் அப்படியே இருக்க முருகனைக் கும்பிடுகிறேன். உன் அக்கா சங்கீதாவுக்கு இது ஏழாம் மாதம், கிளியனூரிலிருந்து அழைத்து வர நாள் பார்க்கலாம் என்றால் உன் அப்பா இன்று காலை வரை மூன்று நாளாக என்னோடு பேசவே இல்லை. போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பா இருபத்திரண்டு வருஷம் ஓட்டினாரே, தண்டவாளத்தில் உப்பு டிரக்குகளைக் கால்வாய்க் கரைக்கு இழுத்தும் தள்ளியும் விட்ட அந்தச் சின்ன டீசல் இன்ஜின், அதைப் பழைய இரும்புக்காரன் தனகோடி உடைக்க எடுத்துவிட்டான். ஆரோவில்லில் வேலை செய்யும் நம் ஆரோக்கியராஜ், பழைய இன்ஜின்களைக் காப்பாற்றும் சங்கத்துக்காரர் ஒருவரை ஞாயிற்றுக்கிழமை கூட்டி வந்தான். இன்ஜின் நம்பரைக் காட்டினால் அது எந்த வருஷத்தது என்று தெரிந்துவிடும், நாங்களே வாங்கிக்கொள்கிறோம், புதன்கிழமைக்குள் காட்டுங்கள் என்றார் அவர். அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. உப்புக் கம்பெனி மூடியபோது திருடு போகும் என்று நம்பர் தகட்டைக் கழற்றி வந்து சாமி மாடத்தில் வைத்தவர் அவர்தானே. எடுத்து வந்து கொடுத்தால் அதில் ஒரு எழுத்துகூட இல்லை. பதினைந்து வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் குத்துவிளக்கோடு சேர்த்துப் புளியும் செங்கல் பொடியும் போட்டு நான்தானே தேய்த்தேன், முகம் பார்க்கலாம் போல வழவழவென்று இருக்கிறது. அப்பா நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

இன்று காலை தனகோடி கேஸ் கட்டரோடு வந்துவிட்டான். அப்பா இன்ஜின் படியில் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்கிறார். ஏம்மா, அவர எறக்கு, பத்து மணி வரைக்கும்தான் பாப்பேன் என்று அவன் கத்தினான். அப்போது அப்பா என்னைப் பார்க்காமல் ஆரோக்கியராஜிடம், சக்கரத்த சேக்கற ராடுல நம்பர் அடிச்சிருப்பாங்கப்பா, எந்தப் பக்கம்னு ஞாபகம் இல்ல என்றார். உப்புக் காற்றுக்குத் துருப்பிடிக்காமல் இருக்க ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் பூசின தார் அதன்மேல் விரல் கனத்துக்கு இருந்தது. நான் ஓடிப்போய் மண்ணெண்ணெயும் தேங்காய் நாரும் எடுத்து வந்து சக்கரத்தடியில் உட்கார்ந்தேன். ஆரோக்கியராஜ் சுரண்ட, நான் தேய்க்க, இடது பக்கம் ஒன்றுமில்லை. பின்னால் கட்டரைப் பற்ற வைக்கிற சத்தம். வலது பக்கம் முதலில் ஏழு வந்தது, அப்புறம் நாலு, இரண்டு, ஒன்று. ஆரோக்கியராஜ் செல்லில் அந்த மனிதருக்குச் சொல்லி, அவர் தனகோடியிடம் பேசி, கட்டர் அணைந்தது. நான் மட்டும் இன்னும் பளிச்சென்று தெரியட்டும் என்று தேய்த்துக்கொண்டே இருந்தேன். அப்பா இறங்கி வந்து என் கையைப் பிடித்து, போதும்டி, இதையும் அழிச்சிடாத என்றார்.

மூன்று நாள் கழித்து என்னிடம் பேசிய முதல் பேச்சு அதுதான். அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

வேளைக்குச் சாப்பிடு. வளைகாப்புக்கு லீவு கேட்க மறக்காதே. நல்லா இருடா கண்ணா.

தார்க் கையோடு,
உன் அம்மா
விருத்தாம்பாள்