கிழக்குத் தூணடி பெஞ்சு

வில்லோ ஃபோர்க், நெப்ராஸ்கா
மே 7, 1987

அன்பு மகள் லோர்னாவுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. நானும் என் முழங்காலும் சுகம். டூசானில் இப்போதே வெயில் கொளுத்துகிறதாமே, தண்ணீர் நிறையக் குடி.

முப்பது வருஷமாக இந்த நீதிமன்றத்தைக் கூட்டித் துடைக்கிறேன், இதன் குவிமாடத்தின் சூட்சுமம் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. கிழக்குத் தூணடி பெஞ்சில் முணுமுணுத்தால் நடுக்கூடத்தில் நிற்பவனுக்குக் கேட்காது; அறுபது அடி தள்ளி மேற்குப் பெஞ்சில் இருப்பவன் காதில் தெளிவாக விழுகிறது. உனக்கும் டுவேனுக்கும் கல்யாண உரிமம் எழுதித் தந்த பெர்னீஸைப் போன வாரம் கிழக்குப் பெஞ்சில் உட்காரவைத்து, நான் மேற்கே இருந்து சோதித்தேன். "எமில், பொத்தானை மாத்திப் போட்டிருக்க" என்றாள். குனிந்து பார்த்தேன், உண்மைதான். வளைந்த கல் குரலை ஏந்திக்கொண்டு போகிறது போலும். வரி கட்டவும் ஓட்டுப் போடவும் வருகிற நம் ஊர்க்காரர்கள் அந்தப் பெஞ்சில் வானிலை மட்டும்தான் பேசுவார்கள். டுவேனுக்கு இதை யாரும் சொல்லவில்லை. பன்னிரண்டு வருஷம் உன் புருஷனாக இங்கே இருந்தும், ஊருக்கு அவன் பக்கத்து மாவட்டத்துக்காரன்தான்.

செவ்வாய்க்கிழமை அவன் தன் வக்கீலோடு அங்கே வந்து உட்கார்ந்தான். நீ கேட்டாய் என்று அவன் போட்ட விவாகரத்து மனுவுக்குப் பத்தொன்பதாம் தேதி விசாரணை. நான் மேற்குப் பெஞ்சில் உட்கார்ந்து, அதில் ஒட்டியிருந்த சூயிங்கத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். எழுந்து போயிருக்கலாம். போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

நீதிபதி முன் சொல்ல வேண்டியதை வக்கீல் சொல்லிக்கொடுத்தார். "இந்தக் கல்யாணம் இனி ஒட்டவே ஒட்டாதுன்னு சொல்லணும், அவ்வளவுதான்." டுவேன் மூன்று முறை தொடங்கினான். மூன்று முறையும் "இந்தக் கல்யாணம்" என்பதோடு நின்றுவிட்டான். ஒரே வரிதானேப்பா என்று வக்கீல் சலித்துக்கொண்டார். "உங்களுக்கென்ன சார், சொல்லிட்டுப் போயிருவீங்க. நான் நம்பாததை எப்படிச் சத்தியம் பண்ணிச் சொல்றது?" என்றான்.

அந்தக் கட்டடத்தில் கேட்டதை வெளியே சொல்வது என் வேலைக்கு அழகல்ல. இதுவரை சொன்னதும் இல்லை. உன் முடிவில் தலையிடவும் மாட்டேன். ஆனால் நீ வராமலே முடிந்துவிடும் என்று எழுதியிருந்தாயே, அது மட்டும் வேண்டாம் அம்மா. பத்தொன்பதாம் தேதி காலையில் நேரில் வந்துவிடு. மேற்குப் பெஞ்சைத் துடைத்து வைக்கிறேன். அவனைக் கிழக்கே உட்காரச் சொல்ல பெர்னீஸ் இருக்கிறாள். நான் வெளியே புல்வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருப்பேன். அது போடுகிற இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்காது.

கடவுள் உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் அப்பா,
எமில் வோண்ட்ரா