வகுப்பு என்று ஒரு கட்டம்

மகளுக்குச் சாதிச் சான்றிதழ் எடுக்க என்னுடையதைக் கேட்டார்கள். பெரம்பலூருக்கு வீடு மாறியபோது கட்டி வைத்த பிளாஸ்டிக் ஃபைலில் அது கிடைத்தது. அதன் முதுகில் ஒட்டிக்கொண்டு, நீ எனக்கு எழுதித் தந்த தாளும் வந்தது. இரண்டிலும் 'வகுப்பு' என்ற சொல். சான்றிதழில் அச்சடித்திருக்கிறார்கள். உன் தாளில், உன் கோணல் கையெழுத்தில், 'வகுப்பு: வீரன்' என்று இருக்கிறது. அடப்பாவி, செத்தும் என்னை விடமாட்டாயா?

கோயம்புத்தூரில் படித்தபோது நீ கற்றுக்கொண்டு வந்த விளையாட்டு அது. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, ஆளுக்கொரு பாத்திரமாகி, இருபது முகப் பகடையை உருட்டிக் கதையை நகர்த்த வேண்டும். நீ கதை நடத்துகிறவன். நானும் என் தங்கை செல்வியும் ஆடுகிறவர்கள். ஞாயிறு மதியம், அரியலூரில் எங்கள் வீட்டு மாடி. விதிகளை மெனக்கெட்டுத் தமிழில் எழுதி வந்தாய். பாத்திரம் எந்த வகை என்று சொல்லும் 'கிளாஸ்' என்பதற்கு 'வகுப்பு' என்று போட்டுவிட்டாய். முதல் நாளே செல்வியைப் பார்த்து, "நீ என்ன வகுப்பு, சொல்லு" என்றாய். படியேறி வந்துகொண்டிருந்த அப்பா அப்படியே நின்றுவிட்டார்.

"யார்ரா அது, என் வூட்டுக்கே வந்து வகுப்பு விசாரிக்கிறது?"

"ஐயோ, இல்லீங்கப்பா! வீரன், திருடன், வைத்தியன்னு ஆட்டத்துல வர்ற வகுப்புங்க."

அவர் போனதும் செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். 'தொழில்' என்று மாற்றிவிடேன் என்றேன். "அதுவும் சுத்திச் சுத்தி அதையேதான்டா கேக்கும்" என்றாய். நானும்தான் சிரித்தேன். அம்மா உனக்கு மட்டும் பேப்பர் கப்பில் டீ கொண்டு வருவாள். பார்ப்பேன், பார்க்காத மாதிரி பகடையைக் குலுக்குவேன்.

ஒரே ஆள் இரண்டு வகுப்பைக் கலந்துகொள்ளலாம் என்று ஒரு விதி. எனக்கு வாளும் வேண்டும், நெருப்பு மந்திரமும் வேண்டும். நீ சும்மா விடவில்லை. "கலந்துக்கடா, யாரு வேணாங்குறா? கதையைச் சொல்லு. யாருகிட்ட கத்துக்கிட்ட? இதுக்காக எதை விட்டுக் குடுத்த?" எனக்கு என்ன கதை? இன்னும் நாலு பேரை அடிக்கலாம், அவ்வளவுதான்.

செல்வி திருடி. நம்மூர்ச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தையே நீ கதைக்குள் கொண்டுவந்திருந்தாய். உன் கதையில், கல்லுக்குள் கிடக்கும் சிப்பிகள் பழைய கடலைத் திரும்பக் கூப்பிடும். அங்கே ஒரு நோயாளியின் மருந்துப் பையை அவள் திருடினாள். மருந்தில்லாமல் அவன் செத்தான். அடுத்த ஞாயிறு, "இனிமே திருட மாட்டேன், வைத்தியம் கத்துக்கப் போறேன்" என்றாள். நீ பகடையை உருட்டச் சொல்லாமலே அவள் தாளில் 'திருடி, வைத்தியர்' என்று எழுதினாய். அன்று நீங்கள் இருவரும் பார்த்துக்கொண்டதை நான் கவனித்திருக்க வேண்டும்.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில்தான் நீ கேட்டாய். "செல்வியும் நானும் கட்டிக்கலாம்னு இருக்கோம்டா. வூட்டுல நீ ஒரு வார்த்தை பேசு. நீ சொன்னா அப்பா கேப்பாரு."

"உன் வகுப்பு என்ன, எங்க வகுப்பு என்னடா?" என்றேன்.

நீ சிரித்தாய்! ஆட்டத்தின் பேச்சு என்று நினைத்துவிட்டாய். "கலந்துக்கலாம்டா, அதான் கதை இருக்குல்ல" என்றாய். அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாய். பாதி டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாய். அன்று மாலையே அப்பாவிடம் பேசினேன், நீ கேட்ட மாதிரி அல்ல. மூன்றே மாதத்தில் செல்வியைக் குரும்பலூரில் கட்டிக்கொடுத்தோம்.

நீயும் ஒன்றும் பெரிய உத்தமன் இல்லை. ஒரே ஒரு தடவை என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். நாலு கெட்ட வார்த்தை திட்டியிருக்கலாம். பேசாமல் இருந்தாய், அடுத்த வருஷம் காய்ச்சலில் போய்விட்டாய். உடையார்பாளையத்தில் உன் தெருமுனை வரை வந்தேன். உள்ளே வரக் காலும் வரவில்லை, யோக்கியதையும் இல்லை. செல்விக்கு எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை. அவள் ஒரு மாதம் கழித்து யாரோ சொல்லித் தெரிந்துகொண்டாள்.

இன்று அவளுக்குப் போன் செய்தேன். 'ம்' என்பதற்கு மேல் அவள் என்னிடம் பேசுவதில்லை. தாள் கிடைத்ததைச் சொல்லி, வேண்டுமா என்றேன்.

"என்னோடது என்கிட்ட பத்திரமா இருக்கு. உன்னோடதை நீயே வச்சுக்கண்ணே. அதுல கதை எழுதுற இடம் காலிதானே?"

காலிதான். 'இதுக்காக எதை விட்டுக் குடுத்த?' என்று நீ எழுதியதற்குக் கீழே வெறும் கோடு. மகளின் விண்ணப்பத்தில் வகுப்பு என்ற கட்டத்தை யோசிக்காமல் நிரப்பினேன். உன் தாளைக் கிழிக்க மனசு வரவில்லை. சான்றிதழுக்குப் பின்னாலேயே வைத்தேன். இப்போது கேட்டால் பதில் சொல்வேன்டா. உன்னையும் செல்வியையும் விட்டுக் கொடுத்தேன். கிடைத்தது, அந்தக் கட்டத்தில் எழுத ஒரே ஒரு சொல்.