இவர் மிதிக்கும் பிரேக்

8.9.2003, திங்கள்

மலையிலிருந்து இறங்கும்போது இன்றும் அந்தச் சத்தம். பிரேக்கை மிதித்தால் முன்சக்கரத்தில் கரகரவென்று, கத்தியைச் சாணை பிடிப்பது போல. காலுக்கடியில் மிதி லேசாகத் துடிக்கிறது. நான் என்ன செய்தேன்? கண்ணாடியை ஏற்றிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். ஜமுனாமரத்தூரில் யாராவது மாட்டுக்கு இப்படி வைத்தியம் பார்த்தால் விடுவேனா? அங்கே இருக்கிற ஒரே கால்நடை டாக்டர் நான்.

வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் இவர் டிரான்ஸ்ஃபர் புராணத்தை ஆரம்பித்துவிடுவார்.

10.9.2003, புதன்

பௌர்ணமி. கிரிவலத்துக்கு வந்த பஸ்கள் எங்கள் வேங்கிக்கால் தெரு வரைக்கும் நிற்கின்றன. அந்த நெரிசலில் மிதித்து மிதித்து வீடு வந்து சேர்ந்தேன். வாசலில் இவர்.

"உன் வண்டி சத்தம் தெருமுனையிலயே கேக்குது, தென்றல்."

மாட்டிக்கொண்டேன். இவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கலெக்டர் ஆபீஸில் விபத்து நிவாரண மனுக்களைப் பார்க்கிற சீட் இவருடையது. நாள் முழுக்க, விபத்தில் செத்துப் போனவர்கள் வீட்டு ஆட்களோடுதான் பேச்சு. என் பக்கத்தில் உட்கார்ந்தால் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே இருக்கும். காலடியில் போட்ட ரப்பர் மேட்டில் அந்த இடம் மட்டும் தேய்ந்துவிட்டது. அங்கே பிரேக் இல்லைங்க என்று எத்தனை தடவை சொல்வது?

"மாட்டாஸ்பத்திரி நம்ம ஊர்லயும்தான் இருக்குது. இங்க கேட்டு வாங்கிட்டு வந்துடேன்."

"நான் வந்துட்டா அங்க யாரு போவாங்க? எனக்கு முன்னாடி ரெண்டு வருஷம் காலியாதான் கெடந்தது."

"அப்ப பஸ்ல போ."

பஸ் போய்ச் சேருவதற்குள் மாட்டையெல்லாம் காட்டுக்கு ஓட்டிவிடுவார்கள். பிறகு யாருக்கு ஊசி போடுவது, மரத்துக்கா? பேச்சு வளர்ந்தது. கோபத்தில் வாயை விட்டுவிட்டேன்: "வண்டியால ஒரு சின்ன ஆபத்து வந்தாலும் நானே டிரான்ஸ்ஃபர் கேக்கறேன், போதுமா?"

"வார்த்த மாறக்கூடாது" என்றார். தேவையா எனக்கு இது?

13.9.2003, சனி

கவுஸ் பாஷா பாய் ஷெட்டில் அரைநாள் போயிற்று. சக்கரத்தைக் கழற்றியதும் கூப்பிட்டுக் காட்டினார். பிரேக் பேட் அடியோடு தேய்ந்து, அதன் தகடு டிஸ்க்கை உரசியிருக்கிறது. சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற அந்த இரும்புத் தட்டு முழுக்க வட்ட வட்டமாகப் பள்ளம். விரலை ஓட்டினால் நகம் சிக்குகிறது.

"இன்னா டாக்டரம்மா, மாட்டுக்கு ஜுரம் வந்தா இவ்ளோ நாள் உட்டு வெப்பீங்களா?"

"பேட் மட்டும் மாத்திட்டா ஆவாதா பாய்?"

"மாத்தலாம். இந்த மேடு பள்ளத்துல புது பேட் ஒக்காராது. பிடிப்பு கம்மி, தேய்மானம் ஜாஸ்தி."

மிச்சம் இரண்டு வழி. சென்னையிலிருந்து புது டிஸ்க் வரவழைத்துப் போடலாம், ஆனால் நாளாகும். அல்லது இதையே லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாகக் கடைந்து வாங்கலாம், நாளைக்கே கிடைத்துவிடும். பாய் அளந்து பார்த்தார். "ஒரு தடவ கடையறதுக்குக் கனம் இருக்குது. இன்னொரு தடவைக்கு இல்ல."

"உங்க பொண்ணு ரூக்ஸார் ஓட்டற வண்டியா இருந்தா இன்னா பண்ணுவீங்க?"

கொஞ்சம் யோசித்தார். "இப்ப கடைஞ்சு போடுவேன். அடுத்த பேட் மாத்தும்போது புது டிஸ்க் வாங்கிடுவேன்."

திங்கட்கிழமை கோமாரி தடுப்பூசி முகாம் தொடங்குகிறது. கடையச் சொல்லிவிட்டேன். மலைக்குப் போகிற வண்டிக்கு எது நல்லது என்று கேட்டேனா, திங்கட்கிழமைக்குள் எது ஆகும் என்று கேட்டேனா? பாய் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. இருந்தாலும் மனசு குடைகிறது.

15.9.2003, திங்கள்

புது பேட், கடைந்த டிஸ்க். கொஞ்ச தூரம் மெதுவாக மிதித்துப் பழக்கச் சொல்லியிருந்தார் பாய், அப்படியே செய்தேன். இறக்கத்தில் சத்தம் இல்லை, துடிப்பு இல்லை. வெண்ணெய் மாதிரி நிற்கிறது.

24.9.2003, புதன்

இராத்திரி நல்ல மழை. காலையில் இவர் காருக்குப் பக்கத்தில் குந்தி, சக்கரத்து ஓட்டை வழியாக உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைஞ்சு இன்னும் சரியா ஓடக்கூட இல்ல. அதுக்குள்ள துரு புடிச்சிருக்குதே?"

"ரெண்டு தடவ மிதிச்சா போயிடும்" என்று சொல்லிவிட்டு தடுப்பூசி ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். மழைத் தண்ணீர் பட்டால் வெறும் இரும்பு அப்படித்தான் இருக்கும். போளூர் போவதற்குள் பளபளவென்று ஆகிவிட்டது.

2.10.2003, வியாழன்

"ஆயுத பூஜைக்கு வண்டிய நான் பாத்துக்கறேன், நீ அலையாத" என்கிறார். காரைத் தொடவே யோசிக்கிற மனுஷன். எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும்.

4.10.2003, சனி

ஆயுத பூஜை. ஆபீஸ் டிரைவர் அப்பாசாமியிடம் கொடுத்து நேற்றே தெருமுனையில் வாட்டர் சர்வீஸ் செய்து வைத்துவிட்டார். அடிப்பக்கம்கூட மினுமினுக்கிறது. சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் இவர் கையாலேயே. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, "ஏத்து" என்றார். நசுக்கிவிட்டு நிறுத்தினேன். இரண்டு அடி ஓட்டம், அவ்வளவுதான். என் நெற்றியிலும் ஒரு பொட்டு வைத்தார்.

6.10.2003, திங்கள்

எழுதவே கை வரவில்லை.

காலையில் புறப்பட்டு ஏரிக்கரையைத் தாண்டவில்லை, ஒரு கிடேரி குறுக்கே வந்தது. மிதித்தேன். மிதி கெட்டியாகத்தான் இருந்தது — வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு ஒரு பக்கமாக இழுத்தது. கைபிரேக்கையும் சேர்த்து இழுத்தேன். அதற்குள் பம்பர் பின்னங்காலில் இடித்துவிட்டது. நல்லவேளை, எலும்புக்கு ஒன்றும் இல்லை. தோல்தான் ஒரு சாண் கிழிந்தது.

நடுரோட்டில் உட்கார்ந்து நானே கழுவித் தைத்தேன். மாட்டுக்காரி வெள்ளையம்மாள் கொம்பைப் பிடித்துக்கொண்டு, தைத்து முடிக்கிற வரைக்கும் என்னைத் திட்டினாள். திட்டட்டும். "மாட்டு டாக்டரே மாட்ட இடிச்சா நாங்க யார்கிட்ட போறது?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. மாட்டுக்குப் பதில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை வந்திருந்தால்? மலை இறக்கமாக இருந்திருந்தால்?

இவர் ஆபீஸிலிருந்து ஓடி வந்தார். மாட்டைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். சாயங்காலம் ஒரே ஒரு வார்த்தை:

"சொன்னியே, தென்றல்."

சொன்னேன்தான்.

7.10.2003, செவ்வாய்

பாய் ஷெட்டில் போய்க் கத்தினேன். கடைந்தது தப்பு, உங்களை நம்பினது தப்பு, என் வேலையே போச்சு என்று என்னென்னவோ. பாய் சக்கரத்தைக் கழற்றினார். பேட் கருகருவென்று மின்னியது. விரலால் துடைத்து என் பக்கம் நீட்டினார்.

"மோந்து பாருங்க."

டீசல் நாற்றம்.

"வாட்டர் சர்வீஸ்ல அடியில துரு புடிக்காம டீசலும் பழைய ஆயிலும் கலந்து பீச்சுவாங்க. டிஸ்க் மேல படாம ஒதுக்கித்தான் அடிப்பாங்க. இது கேட்டு வாங்கி அடிச்சா மாரி இருக்குது." பிறகு தலையைச் சொறிந்தார். "எல்லாம் சொன்னேன். இத சொல்லாம உட்டுட்டேன் பாருங்க."

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த மழைக் காலையில் குந்தி உட்கார்ந்து துருவைப் பார்த்த இவர் முகம் கண்முன்னால் வந்தது. பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். "அட விடுங்க" என்றார்.

பேட் எண்ணெய் குடித்துவிட்டது, இனி ஆகாது. டிஸ்க்கைத் துடைத்துப் போட்டால் நன்றாகத்தான் இருக்கும் என்றார் பாய். தெரியும். இருந்தாலும் சென்னையிலிருந்து புதுசு வரவழைக்கச் சொல்லிவிட்டேன். இந்தத் தடவை காத்திருக்கிறேன், அதுவரைக்கும் பஸ்.

8.10.2003, புதன்

சொல்லவில்லை.

இவரிடம் சொன்னால் மலை வேலை எனக்கே நிலைக்கும். சொல்லாவிட்டால் நான் கொடுத்த வார்த்தைப்படி டிரான்ஸ்ஃபர் கேட்கவேண்டும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறதே. விபத்து மனுக்களைப் படித்துப் படித்தே பாதி உயிராகிப்போனவரிடம் போய், என் பிரேக்கில் எண்ணெய் ஊற்றினது நீங்கதான் என்று எந்த வாயால் சொல்ல?

கோபம் இல்லையா எனக்கு? இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். துருவைப் பற்றி இவர் அன்றைக்குக் கேட்டாரே — நான்தான் நின்று பதில் சொல்லவில்லை.

11.10.2003, சனி

நேற்று பஸ்ஸில் போனேன். நினைத்த மாதிரியே ஊரில் ஒரு மாடு இல்லை. ஐஸ் உருகினதுதான் மிச்சம்.

திரும்பி வந்தால் இவர் வேட்டி கட்டிக்கொண்டு தயாராக இருந்தார். "பௌர்ணமி. வா, சுத்திட்டு வரலாம்." வெறுங்காலோடு கிளம்பினோம். அடி அண்ணாமலை வந்ததும் டீ வாங்கினோம். டீக் கடை பக்கத்தில் நின்றார்.

"பாய் ஷெட்டுக்குப் போயிருந்தேன். சண்ட போடலாம்னு."

நான் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"துரு புடிச்சா உனக்கு ஆபத்துனு நெனச்சேன். வீல் கப்ப கழட்டி உள்ள நல்லா அடிக்கச் சொல்லுனு அப்பாசாமிகிட்ட நான்தான் சொல்லி அனுப்புனேன்."

"தெரியும்."

"எப்பலேர்ந்து?"

"செவ்வாக்கெழமலேர்ந்து."

"ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சோறு திங்க மாட்டீங்க."

அழுதுவிட்டார். அவ்வளவு கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை. எனக்கும் தாங்கவில்லை, கையைப் பிடித்துக்கொண்டேன். இந்த மனுஷனோடு இத்தனை நாளாக எதற்கு மல்லுக்கு நிற்கிறேன்? என்மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை இவருக்கு, எனக்காகத்தான் பயம்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு நானே கேட்டேன். "வார்த்த குடுத்தேனே, அது?"

"திருப்பிக் குடுத்துட்டேன்னு வச்சிக்கோ."

18.10.2003, சனி

புது டிஸ்க், புது பேட். பாய் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து இவர் ஒவ்வொன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார். "புகழேந்தி சார், பையில ஆயில் டப்பா எதுவும் இல்லியே?" என்று பாய் கேட்டதும் எனக்குப் பகீரென்றது. இவர் சிரித்தார்.

1.11.2003, சனி

கடைசி முகாம். இவர் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார், மலைக்கு முதல் தடவையாக. ஏறும்போது வழக்கம்போல வலது கால் ரப்பர் மேட்டை மிதித்துக்கொண்டே வந்தது.

மேலே நாள் முழுக்க ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே நடந்தார். ஒரு கன்று இவர் சட்டையை மென்றுவிட்டது. "டாக்டரம்மா வூட்டுக்காரரா?" என்று ஒரு பெரியவர் கேட்க, "ஆமாங்க, உதவிக்கு வந்தேன்" என்றார்.

திரும்பி இறங்கும்போது கடைசி வளைவில் எதிரே பஸ். மிதித்தேன். வண்டி நின்றது. பஸ் எங்களை ஒட்டிக்கொண்டு போயிற்று. இவரிடமிருந்து ஒரு சத்தமும் இல்லையே என்று திரும்பிப் பார்த்தேன். தேய்ந்த ரப்பர் மேட்டின் மேல் செருப்பு இரண்டும் கழற்றிக் கிடந்தன. இவர் காலை மடக்கிச் சீட்டில் வைத்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தார்.