அண்ணன் சிரிக்கும் படம்

12 ஜூலை 2008, சனி. ராமச்சந்திராபுரம்.

வீட்டில் ஒரே கம்ப்யூட்டர். அண்ணிக்கும் அண்ணன் மகள் திவ்யாவுக்கும் எனக்கும் தனித்தனி அக்கவுண்ட், தனித்தனி பாஸ்வேர்டு. போன ஞாயிறு அந்த மூன்று ராஜ்ஜியங்களையும் நான் வென்று, எல்லாப் படங்களையும் ஒரே பொது ஃபோல்டரில் கொட்டினேன். ஒரே படம் மூன்று இடத்தில் எதற்கென்று மற்றப் பிரதிகளை அழித்தேன். கம்ப்யூட்டர் சும்மா இருந்தால் படங்கள் தானாக ஓடும்படியும் செய்தேன். இமயத்தில் கொடி நாட்டியவன்கூட என்னளவு நிமிர்ந்து நடந்திருக்க மாட்டான்.

இன்று சாயங்காலம் திவ்யா அலறினாள். “க்யா கரே சித்தப்பா? அப்பா சிரிக்கிற போட்டோ எக்கட?” இந்தியில் ‘என்ன செய்தீர்கள்’, தெலுங்கில் ‘எங்கே’; இந்த ஊரில் வளர்ந்தவள் பேச்சு அப்படி.

போன தீபாவளிக்குப் பிறகு அண்ணன் இல்லை. அவர் பல் தெரியச் சிரித்த படம் அண்டசராசரத்திலேயே அது ஒன்றுதான். இதில் மிகை கிடையாது. என் அக்கவுண்டின் குப்பைத்தொட்டியைப் பார்த்தேன், காலி. அவளுடையதும் காலி.

“நான்தான் அழிச்சேன்,” என்றார் அண்ணி சமையலறையிலிருந்து. “குக்கரை எறக்கிட்டுத் திரும்பினா அவரு சிரிக்கிறாரு. எப்படித் தம்பி தாங்குறது?”



அண்ணியே தன் அக்கவுண்டில் நுழைந்து, தன் குப்பைத்தொட்டியிலிருந்து படத்தை மீட்டுக் கொடுத்தார். அதைத் திவ்யாவின் அக்கவுண்டில் மட்டும் வைத்துவிட்டு எழுந்தேன்.

“எனக்கும் ஒண்ணு வைங்க தம்பி. தானா ஓட வேணாம். நான் தொறந்தா மட்டும் வரட்டும்.”

வைத்தேன். எனக்கென்று ஒன்று எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. படம் எடுத்த அன்று அவர் சிரித்தது நான் அளந்த ஏதோ ஒரு கதைக்கு. என்ன கதை என்றுதான் இவ்வளவு நேரமாக யோசிக்கிறேன்.