கொக்கி இல்லாத பலகை

ஆடி 6, ஞாயிறு.

துபாயிலிருந்து வந்த மச்சினன் அந்த வி.ஆர். கண்ணாடியைக் கொண்டுவந்திருக்கவே வேண்டாம். என் தலையில் மாட்டிவிட்டான். அதற்குள் நாற்பது மாடி உயரத்தில் ஒற்றைப் பலகை மேல் நின்றேன். ஓரக்கண்ணில்கூடப் பள்ளம்தான் தெரிந்தது. கை தானாக இடுப்புக்குப் போய்ப் பாதுகாப்புப் பெல்ட்டின் கொக்கியைத் தேடியது. இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஆரல்வாய்மொழியில தெனமும் கரண்டு எடுக்கிய காத்தாடி மேல ஏறுகிய ஆளு, வீட்டுத் தரையில நின்னு பயந்திட்டியளே அத்தான்!" என்று விழுந்து விழுந்து சிரித்தான். அக்காக்காரி சாந்தியும் தம்பியோடு சேர்ந்துகொண்டாள்.

என்ன சிரிப்பு வேண்டிக்கிடக்கிறது? கொக்கி மாட்டாமல் மேலே நான் ஒரு அடி வைத்ததில்லை. பதினேழு வருஷமாக முழுசாக வீடு திரும்புவது அதனால்தான். ஏ.சி. அறையில் வேலை பார்ப்பவனுக்கு இது எங்கே புரியும்?

கடைசியில் சாந்தியும் மாட்டிப் பார்த்தாள். ஒரு அடிகூட நகரவில்லை. கழற்றியபோது முகத்தில் சிரிப்பில்லை.

"நீங்க மேல நிக்கும்போ இப்பிடியா இருக்கும்?"

நம்ம மொட்டைமாடியில் நிற்பது மாதிரிதான் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து அவளிடம் சொல்லிவைத்திருந்தேன். இரண்டே நிமிஷத்தில் அதைக் கெடுத்துவிட்டான், பாவி. இன்னும் அவள் தூங்கவில்லை. காலையில் டிபன் பாக்ஸைத் தரும்போது அவள் முகத்தை எப்படிப் பார்ப்பேன்?